கடை திறந்த பத்தாம் நாள்

அன்புள்ள சௌமியா அப்பாவுக்கு,

போனில் என் பெயரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடை திறந்து பத்து நாள் ஆகிறது. பாகலூர் ரோட்டில் பஸ் நிற்கும் இடம் என்பதால் ஆட்கள் வருகிறார்கள். குழாய்களும் வாஷ்பேசின்களும் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகின்றன. நீங்கள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்ட சௌமியாவிடம், கல்லாவியில் அத்தை வீட்டில் உங்களுக்கு பைப் வேலை இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அத்திப்பள்ளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். புது வீட்டு பாத்ரூமுக்கு எல்லாச் சாமானையும் தேர்ந்தெடுத்துவிட்டு, "பழைய வீட்டுக்கு உங்க பிளம்பருதான் பைப் போட்டாரு. பதினாறு வருஷமாச்சு, ஒரு சொட்டு ஒழுகல. இதையும் அவரே வந்து மாட்டணும், ஆயித்தா, சரியா?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

பில் போடும் ஜோதிமணி, "யாருக்கா அது?" என்று கேட்டாள்.

"இந்தக் கடை ஓனர்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

திறப்பு விழா அன்று, குழாய் கம்பெனி மேனேஜர் உங்கள் வேலைச் சட்டையைப் பார்த்து, "பிளம்பருங்க எல்லாம் பின்பக்கமா வாங்கப்பா" என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். பட்டுப்புடவையும் பூவுமாக, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெளியே போனீர்கள்.

அந்த அம்மாவிடம், நீங்கள் வருவீர்களா என்று கேட்டுச் சொல்வதாக மட்டும் சொன்னேன்.

கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி