ஊமைப் பெட்டியின் முன்னால்

சித்திரபானு வருஷம், ஆடி. திங்கள்

ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழிக்கு அடுத்து வந்த ஆடி. மதராஸ் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்களே, அதே வருஷம். பேய்க் காற்று. கூரைத் தகரம் விடாமல் அடிக்கிறது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, பக்கத்துக் கொட்டகை ரோஸம்மா எழுதுகிறாள். பதிலுக்கு அவள் அரிசியில் கல் பொறுக்கித் தருகிறேன். வேறு யாரும் படிக்க வேண்டாம்.

பர்மாவிலிருந்து நடந்து வந்த எங்களைக் கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் வந்து அடையாளம் சொன்னால்தான் வெளியே. காரிமங்கலம் சந்தைக்குப் போகும் மாட்டுச் சலங்கை இங்கே கேட்கிறது. என் ஊர்தான். மணியக்காரர் வந்து பார்த்தார். "இந்த மூஞ்சிய நான் கண்டதில்லீங்க" என்று போய்விட்டார். எப்படிக் கண்டிருப்பார்? அவர் பிறக்குமுன் கப்பலேறியவன் நான்.

சாயங்காலம் ஒரு சேதி. நம்மைப் படம் பிடிக்க வருகிறார்களாம். சர்க்கார் அகதிகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று, சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டுவார்களாம். எல்லா ஊரிலும்.

என் மகள் மாதம்மா. அசாமில் ரயிலடியில் அவளைப் பெண்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என்னைக் காலராக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டதைப் பார்த்தவள். அப்பன் செத்தான் என்றே இருப்பாள். எந்தக் கேம்பிலோ. படத்தில் நான் பேசினால் எங்காவது கேட்பாள்.

செவ்வாய்

பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கஞ்சியில் உப்பில்லை.

சவரக்காரர் வந்தார். படத்தில் யாரும் அழுக்காகத் தெரியக் கூடாது என்று ஆபீசர் உத்தரவு. தலை, தாடி, மீசை எல்லாம்.

"மீசைய உட்டுடுய்யா."

"கழுத்துக்கு மேல எதுவும் மிச்சம் வைக்கக் கூடாதுனுட்டாருங்க. மூக்கு தப்பிச்சதே பெருசு."

திரும்பி வந்தபோது ரோஸம்மா கேட்டாள்: "யாருங்க வேணும்?" சிரிக்க முடியவில்லை.

புதன்

வந்தவை: ஒரு வேன். முக்காலியில் ஒரு பெட்டி. வெள்ளித் தாள் ஒட்டிய பலகை. தமிழ் தெரியாத கேமராக்காரர். அவருக்கு உதவியாக மதராஸிலிருந்து ஒருவர். கம்பி வேலி தெரியாத பக்கமாகப் பெட்டியைத் திருப்பி வைத்தார்கள்.

அரிசிச் சோறு, சாம்பார். மேகம் மறைத்ததால் முதல் பந்தி படத்தில் சரியாக விழவில்லையாம், மறுபடி பரிமாறினார்கள். மேகத்துக்குக் கும்பிடு.

புதுக் கம்பளியோடு என்னை நிறுத்தினார்கள். "சிரிங்க பெரியவரே." சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துப் பேசினேன். "மாதம்மா, அப்பன் பொழச்சுக்கிட்டேன் கண்ணு. நம்மூரு பக்கத்துலயே கேம்புல இருக்கேன். வந்து அடையாளம் சொல்லி கூட்டிட்டுப் போ."

முடிந்ததும் உதவியாளரிடம் கேட்டேன். "நான் பேசுனது நல்லா உழுந்துதுங்களா?"

"பேச்சா? இதுல பேச்சு ஏறாதுங்க. அதுக்கு வேற மெஷின் வேணும். மதராஸ்ல ஒருத்தர் பேசி சேத்துக்குவாரு."

"இது பேசும்படம் இல்லீங்களா?"

"பேசும். நீங்க பேச மாட்டீங்க."

ரங்கூன் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். வாய் அசைந்தது, பேச்சு வந்தது. பெட்டி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நம்பினேன். முட்டாள்.

"மூஞ்சி தெரியுமில்ல, மக கண்டுக்குவா" என்றார் அவர். மீசை இல்லாத என்னை மாதம்மா பார்த்ததே கிடையாது. காலையில் ஆபீசரே, இந்த ஆள் எப்போது வந்தான் என்று கேட்டார்.

வியாழன்

தூறல். வேன் கிளம்புகிறது என்றார்கள். ஓடினேன்.

"அந்தப் பேசறவருகிட்ட எம் மக சங்கதிய ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சாமி."

"எழுதிக் குடுத்ததத்தான் பேசுவாரு பெரியவரே."

விடவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலேயே பாதிக் கேம்பும் வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு பேர். ஒருத்தி செத்துப்போன புருஷன் பேரைச் சொன்னாள். உதவியாளர் காதைப் பொத்திக்கொண்டார். "செத்தவங்க வேண்டாம்மா. படத்துல அழுகை ஆகாதுனு மேல சொல்லிட்டாங்க. உசுரோட இருக்கறவங்க, ஆளுக்கு ஒரு பேரு. கேட்டுப் பாக்கறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

ரங்கூனில் எங்கள் மில் கூலி லைன் வீடுகளிலிருந்து சேர்ந்து புறப்பட்டு, வழியில் செத்தவர்கள். மில் கூட்டாளி வீராசாமி, ஆற்றங்கரையில். என் வீட்டுக்காரி கெம்பம்மா, மலைப் பாதையில், உட்கார்ந்தவள் எழவில்லை. மருமகன் சின்னசாமி, ரயிலைக் கண்ணால் பார்த்த பிறகு. இவர்களைச் சொல்லக் கூடாதாம்.

ரோஸம்மா என் தோளை இடித்தாள். "உங்க பேர சொல்லுங்க பெரிப்பா. நீங்க இருக்கறதுதான அவளுக்குத் தெரியணும்?"

"மாதையன்னு எம் பேருல ஊருக்கு நூறு பேரு இருப்பான்."

வேன் உறுமியது. "சீக்கிரம். யாருதான் மிச்சம்?" என்றார் உதவியாளர்.

"காரிமங்கலம் மாதையன் மக மாதம்மா."