கால்மாட்டில் கட்டிய பச்சைப் புடவை

அக்கா,

உன் பச்சை வாயில் புடவையை இன்று காலையில் நீளவாக்கில் கிழித்தேன். உன் காரியம் முடிந்து, பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது என் பங்குக்கு வந்த புடவை. ஒருநாள்கூட நான் அதைக் கட்டவில்லை. அலமாரியின் அடித்தட்டில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. கிழித்த பாதியை முறுக்கி, சாணுக்கு ஒரு முடிச்சாக ஆறு முடிச்சு போட்டேன். என்னால் குனிய முடியாது என்பதால் மகளைக் கூப்பிட்டுக் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் கட்டச் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டினாள்.

எனக்குக் குடலிறக்கம். வயிற்றைத் திறந்து வலை வைத்துத் தைத்து, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கனமாக எதையும் தூக்காதீங்க, முக்காதீங்க, தையல்மேல தண்ணி படாம பாத்துக்குங்க என்று மூன்றே வார்த்தை. ஒரு காகிதம் முழுக்க இங்கிலீஷ். படுத்தவள் எப்படி எழுந்திருப்பது என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது. மனுஷி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலையே அதுதானே.

வீட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். உன் கொழுந்தனார், அதான் என் வீட்டுக்காரர், திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனிக்குக் கிளம்பும்போது எனக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகிறார். எங்கே வைக்கிறார் தெரியுமா? தண்ணீர் சொம்பு தரையில். மாத்திரை, டிவிக்கு மேலே. போன், எதிர்ச்சுவர் பிளக்கில் சார்ஜில் தொங்குகிறது. "எல்லாம் பக்கத்துலயே வச்சிருக்கேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறார். நேற்று மகள் சாம்பாருக்குக் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப்போட்டுத் தாளித்தாள். நெடி நேராக என் மூக்குக்குத்தான் வந்தது. நாலு தும்மல். தையல் வாய்விட்டு அழுதது என்றே சொல்வேன். அவள் அடுப்படியிலிருந்து, "இன்னாம்மா, சளி புடிச்சிருக்கா?" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்துபோய் இரண்டு வைத்திருப்பேன். எழத்தான் முடியவில்லையே.

அப்போதுதான் உன் குட்டித் தலையணை ஞாபகம் வந்தது.

உனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நீ வீட்டுக்கு வந்தபோது, அந்தத் தலையணையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும், ஏன், சிரிப்பு வந்தாலும், வயிற்றோடு சேர்த்து அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வாய். "சின்னப்புள்ள பொம்மையக் கட்டிக்கினு இருக்கறாப்ல இருக்குது" என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கப் பார்த்து, வலித்து, தலையணையை அழுத்திக்கொண்டு என்னை முறைத்தாய்.

இதெல்லாம் உனக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்ததில்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மணப்பட்டுக்காரி சொன்னது. அவளுக்கு அது இரண்டாவது ஆபரேஷன், எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவள். கக்கூஸ் மேடையில் குந்த முடியாது, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டிப் போட்டுக்கொள் என்றாளாம். மாத்திரை அட்டையைத் தேதி காலண்டரிலேயே குத்தி வை, விழுங்கியதும் அன்றைய தாளில் ஒரு புள்ளி வை என்றாளாம். பாவாடை நாடா தையலில் உரசும், தொளதொளவென்று நைட்டியாகப் போடு என்றாளாம். தண்ணீர் குடித்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று நம் வீட்டில் எல்லோரும் சொன்னபோது, குடிக்காவிட்டால்தான் மலம் இறுகி, முக்கி, தையல் போகும் என்று நீ சண்டை போட்டுக் குடித்ததும் அவள் சொல்லித்தான்.

புடவையும் அவள் யோசனை. மணப்பட்டுக் கடற்கரையில் வலை இழுக்கிற வீட்டுப் பெண் இல்லையா. "கால்மாட்டுல கட்டிக்கோ. ஒருக்களிச்சிப் படுத்து, காலக் கீழ போட்டுக்கினு, வலை இழுக்கறாப்ல கைக்குக் கை மாத்திப் புடி. வயித்துக்கு வேலையே இல்ல" என்றாளாம். நீ வந்த அன்றே ஒரு பழைய புடவையைக் கிழித்து என்னைக் கட்டச் சொன்னாய். மறுநாளே தனியாக எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்றாய். புருஷனாயிற்றே என்று மாமாவைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. உன் முகத்தில் இருந்த பெருமை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

"வலியப் பொறுத்துக்கலாம்டி. கூப்ட்டுட்டு எப்ப வருவாங்கன்னு பாத்துக்கினே கெடக்கறதுதான் முடியல" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். சனிக்கிழமை நம் மாமியாரின் தங்கை, சின்னத்தை, வந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது அந்த முடிச்சுகளைத்தான். என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், செத்தவர்களுக்குத்தான் கால்மாட்டில் துணி கட்டுவார்கள், சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நல்லது பேசியிருக்கிற வீட்டில் இப்படி ஒரு அபசகுனமா என்று காதோடு காதாகச் சொன்னது. உன்னிடம் சொல்லத் தைரியமில்லை. நீ கேட்கமாட்டாய் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிறு காலையில் நீ மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தாய். நான் மெல்ல அவிழ்த்தேன். மடித்து அலமாரியில் வைத்தேன். அவர்கள் போனதும் திரும்பக் கட்டிவிடலாம், ஒருமணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வருகிறவர்களுக்குப் பால் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் நின்று உன் ஆபரேஷன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவி.

திரும்பி வந்தபோது நீ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாய். தூக்கக் கலக்கத்தில் புடவையைப் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறாய், அது அங்கே இல்லை. பாத்ரூம் அவசரத்தில் ஒரே மூச்சாக எழப் பார்த்திருக்கிறாய். நைட்டி நனைந்திருந்தது. தையல் விட்டுப்போயிருந்தது. சம்பந்தி வீட்டார் நம் தெருவில் திரும்பும்போது நாங்கள் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எந்த அபசகுனத்தை அவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனோ, அதைவிடப் பெரியதைக் கண்ணாரக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மாமா கத்தினார். கட்டியிருந்த துணி எங்கே போனது, யார் அவிழ்த்தது என்று கேட்டார். நான் உன் கால் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் தொவைக்கப் போட்டேன்" என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது திறக்கவில்லை, அடுத்த நாள் திறக்கவில்லை, நீ இருந்த ஆறு வருஷமும் திறக்கவில்லை. மறுபடி தைத்த வயிறு உனக்குச் சரியாகவே இல்லை. ஒரு குடம் தூக்கினால் இழுத்துப் பிடிக்கும். உட்கார்ந்து எழுந்தால் ஒரு கையால் வயிற்றைத் தாங்குவாய். ஒவ்வொரு தடவையும் மாமா, "நீயே தேடிக்கினது, அனுபவி" என்பார். உன் மகள் கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போனதற்கும் அதே பேச்சு. நீ பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாய்.

எனக்கு உன்மேலும் கோபம் இருக்கிறது அக்கா. ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் ஒருநாள் சண்டையோடு போயிருக்கும். நாலு நாள் பேசாமல் இருந்திருப்போம், அஞ்சாம் நாள் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருப்போம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் தலையில் இதை ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட்டாய். கனமாக எதையும் தூக்கக் கூடாதாம் எனக்கு.

இன்று சாயங்காலம், இப்போது உன் மகள் வீட்டில் இருக்கிற மாமாவும் சின்னத்தையும் ரொட்டி, சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தார்கள். சின்னத்தைக்கு வயதாகிவிட்டது, கண் மட்டும் மங்கவில்லை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

"அத்த மொதல்ல அவுத்துக் கடாசுடி. ஒருத்தி கட்டிட்டுப் பட்ட பாடு போதாதா இந்த வூட்டுக்கு?"

மகள் கால்மாட்டுக்கே போய்விட்டாள். முடிச்சில் கை வைத்துவிட்டாள்.

"கைய எடு" என்றேன். பிறகு சின்னத்தையைப் பார்த்துச் சொன்னேன். "அக்கா கட்டுனதால படல அத்த. நான் அவுத்ததால பட்டா. நீ சொன்னேன்னு, அவ தூங்கிக்கினு இருக்கும்போது நான்தான் அவுத்தேன். தொவைக்கப் போட்டேன்னு அவ சொன்னது பொய்."

சின்னத்தை பைக்குள் கையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தது. மாமா கையில் டீ டம்ளர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு வருசம் திட்னேம்மா அவள" என்றார். அவ்வளவுதான். டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே சின்னத்தையும் போனது. மகள் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போயிருக்கிறாள்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் படுத்த வாக்கில், நோட்டைத் தலையணைமேல் சாய்த்து இதை எழுதுகிறேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. அதில் பாதியை அந்த மனுஷர் கையில் வேறு கொடுத்து அனுப்பிவிட்டேன். நாளைக்கு மறுபடி நாலு பேர் வருவார்கள், புடவையைப் பார்ப்பார்கள், அவிழ்க்கச் சொல்வார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் இன்றைக்குச் சொன்னதையே சொல்லப்போகிறேன்.

பாத்ரூம் போகவேண்டும். வீட்டில் யாருமில்லை. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே போட்டுவிட்டேன். உன்னைப்போலவே எனக்கும் ஒரு குட்டித் தலையணை வயிற்றில். முதல் முடிச்சு கைக்கு வந்துவிட்டது. நோட்டை மூடிவைக்கிறேன் அக்கா. நான் யாரையும் கூப்பிடப் போவதில்லை.