சவேரியார் படகில் ஒரு சத்தம்

தங்கச்சிமடம்,
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அனிட்டாவுக்கு,

உன் தஸ்னீம் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உம்மாவும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலம்தான், நேற்று உன் அம்மாவைச் சந்தையில் பார்த்துப் பேசினேன். ஒரகடத்தில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வேறு என்ன செய்ய? போனில் நான் ஒர்க் ஷாப் என்று வாயைத் திறந்தாலே ஹாஸ்டல் வார்டன் வருகிறார் என்று வைத்துவிடுகிறாய். அந்த அம்மா உன் அறை வாசலிலேயே பாய் போட்டுக் குடியிருக்கிறாரா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்குறி மட்டும் விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதம் என்றால் கோபத்தில் மடித்து வைத்தாலும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து படிக்கத்தான் செய்வாய், உன்னை எனக்குத் தெரியாதா!

முதலில் சந்தோஷச் சேதி. எங்கள் பெரிய மெக்கானிக் சோணைமுத்து அண்ணன் என்னைத் திட்டிவிட்டார். அதுவும் சும்மா இல்லை, படகு கட்டுகிற ஜெட்டிப் பாலத்தில் ஊரே நிற்கும்போது, கத்திக் கத்தித் திட்டினார். மறுநாள் ஒர்க் ஷாப்பில் எல்லோருக்கும் நான் அல்வா வாங்கிக் கொடுத்தேன். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்காதே, முழுக்கப் படி.

நாம் டிப்ளமா முடித்துவிட்டுச் சான்றிதழோடு எத்தனை பட்டறை ஏறி இறங்கினோம், எல்லோரும் கணக்கு எழுத வாறீங்களாம்மா என்றுதானே கேட்டார்கள். நீ வெறுத்துப்போய் ஒரகடம் கம்பெனியில் செல்போனுக்கு ஸ்குரு போடக் கிளம்பினாய். நான் டியூஷன் எடுத்துக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் ரூபஸ் அண்ணன் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து இங்கே படகு இன்ஜின் ஒர்க் ஷாப் ஆரம்பித்து என்னைக் கூப்பிட்டார். பெரிய லட்சியம் என்று நினைத்துவிடாதே. இங்கன நான் கத்துக்குடுத்த பயலுக எல்லாம் ரெண்டே வருசத்துல விசா வாங்கிட்டுப் பறந்துருவாய்ங்கெ, பொம்பளைப் பிள்ளைன்னா ஊர்ல நிக்கும் என்றார். எனக்கும் விசா வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிரு என்றார்.

ஆனால் மனுஷன் சொன்னபடி நடக்கிறார். எனக்கும் என்னோடு சேர்ந்த பையன்களுக்கும் ஒரே சம்பளம். எனக்காக ஒரு கழிப்பறை கட்டினார். அதுவரை ஆம்பளைகள் எல்லாம் பின்னால் கருவேலங்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொருவராக வந்து, ஏம்மா சாவியைக் கொஞ்சம் குடுக்குறியா என்று என்னிடம் நிற்கிறார்கள். லேத் பார்க்கும் பர்வேஸ் அண்ணனுக்குக் கால் விளங்காது, மூன்று சக்கர வண்டி. அவருக்காக வாசல்படியை இடித்துச் சாய்வாகச் சிமென்ட் போட்டார்கள். அந்தப் பாதையில்தான் இப்போது எல்லா இன்ஜினையும் தள்ளுவண்டியில் ஏற்றுகிறோம், யாருக்கும் முதுகு பிடிப்பதில்லை. உச்சிப்புளியிலிருந்து வருகிற டீசல்காரர் வரை அதைப் பார்த்துவிட்டு, இந்தப் புத்தி முந்தியே வந்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் என்னை மரியாதை பண்ணியே கொன்றுவிட்டார்கள் அனிட்டா! நான் போனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு நேராக ஒரு பேன். நான் ஸ்பேனரைத் தொட்டால் நாலு பேர் ஓடி வந்து, நீ உக்காரும்மா நாங்க பாத்துக்கிறோம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில் டீ. நான் உள்ளே நுழைந்தால் கெட்ட வார்த்தை நின்றுவிடும், சிரிப்பும் நின்றுவிடும், ஆள் செத்த மவுத்து வீடு தோற்றது. பையன்கள் ஒரு போல்ட்டைக் கோணலாகப் போட்டால் சோணைமுத்து அண்ணன், ஏலே உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா என்று கூரை பறக்கக் கத்துவார். நான் தப்புச் செய்தால் ஒன்றும் சொல்லாமல், நான் வீட்டுக்குப் போன பிறகு அவரே கழற்றிச் சரியாக மாட்டிவிடுவார். இது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அழுகை அழுகையாக வந்தது. தப்பு எதுவென்றே தெரியாமல் நான் எப்படி மெக்கானிக் ஆவது?

அதைவிடப் பெரிய சிக்கல் படகு. பொம்பளை ஏறினால் மீன்பாடு கிடைக்காது என்கிற பேச்சு உனக்குப் புதிதா என்ன? கழற்றிக் கொண்டுவந்து போட்ட இன்ஜினை நான் ஒர்க் ஷாப்பில் பார்க்கலாம், படகில் ஏறக் கூடாது. படகிலேயே செய்கிற வேலைதான் பாதிக்கு மேல். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போதே ரூபஸ் அண்ணன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். படகில ஏறாத மெக்கானிக்கை வச்சு நான் என்னம்மா பண்றது, தடை முடியுறதுக்குள்ள ஒரு சம்மாட்டியாவது ஏத்தட்டும், இல்லைன்னா கடையில ஸ்பேர் விக்கத்தான் உன்னைப் போடணும் என்றார். நானும் படகு முதலாளி ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்தேன். என்னை ஏற்றிய படகு உன் அய்யா படகு.

கோபப்படு. ஆனால் படி.

தடை முடிகிற நாள் சாயங்காலம். ஃபாதர் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். விடிந்தால் எல்லாப் படகும் கடலுக்கு, ரெண்டு மாசம் கழித்துப் போகிற முதல் பாடு. உன் அய்யா படகு ஸ்டார்ட் ஆகவில்லை. சோணைமுத்து அண்ணனும் பையன்களும் ஆளுக்கொரு படகில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், பாம்பன் பக்கம் போனவர்களும் திரும்பவில்லை. சவேரியார் மாமா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். நான் மட்டும்தான் இருந்தேன். வேற யாரும் இல்லையா பிள்ளை என்றார். இல்லை மாமா என்றேன். நாற்காலிக்குப் பின்னால்கூட ஒரு தடவை பார்த்தார்.

பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தார் பார், அதை உன் அய்யா தவிர வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் படகில் ஏறத்தானே கூடாது? அதனால் ஒரு சின்ன வல்லத்தைக் கொண்டுவந்து படகின் ஓரத்தில் கட்டி, என்னை அந்த வல்லத்தில் உட்காரவைத்தார். அவர் இன்ஜின் குழிக்குள் இறங்கினார். நான் வல்லத்திலிருந்து சொல்வேன், நடுவில் படகு டிரைவர் நின்று குனிந்து உள்ளே கத்துவார், மாமா செய்வார். டீசல் லைனில் காற்றுப் புகுந்து ஏர் பிடித்திருக்கும் என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது, உனக்கும் தெரிந்திருக்கும். ஃபில்டர் மேலே இருக்கிற போல்ட்டை ஒரு சுற்று லூஸ் பண்ணச் சொல்லுங்கள் என்றேன். டிரைவர், மேல உள்ளதை லூஸ் பண்ணணுமாம் என்றார். மாமா எதைத் திறந்தாரோ, டீசல் பீய்ச்சி அடித்தது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையும் மீசையும் ஒரே டீசல். பக்கத்துப் படகெல்லாம் சிரித்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு உன் அம்மா ஜெட்டிக்கு வந்தார்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு மாமாவை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு, ஏங்க, கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்கு இதே படகிலதான நாங்க அத்தனை பொம்பளைக ஏறிப் போனோம், அந்த வருசம் உங்களுக்குப் பாடு குறைஞ்சா போச்சு என்று கேட்டார்கள். அது அந்தோணியார் விசேசம் என்றார் மாமா. அப்ப அந்தோணியாரையே வந்து ஏர் எடுக்கச் சொல்லுங்க என்றார்கள் உன் அம்மா.

மாமா கடலைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். செருப்பைக் கழட்டிட்டு ஏறு என்றார்.

அவ்வளவுதான். படகில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை. என் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு ஒரு கயிற்றின் நுனியை நீட்டினார், பிடித்து ஏறினேன். போல்ட்டை லூஸ் பண்ணி, கை பம்ப்பை அடித்து, நுரை நின்றதும் இறுக்கினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. காலுக்கடியில் பலகை அதிர்ந்தது அனிட்டா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சிரித்துக்கொண்டே அழுதேன். சரியாக அந்த நேரத்தில் சோணைமுத்து அண்ணன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நட்டில் டீசல் கசிந்துகொண்டிருந்தது. நட்டை முறுக்கத் தெம்பு இல்லாமயா டிப்ளமா வாங்குனே, நடுக்கடல்ல நின்னா உன் மாமனா வந்து இழுப்பான் என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. பையன்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து நாற்காலியையும் காணோம், கண்ணாடி டம்ளரையும் காணோம். ரூபஸ் அண்ணன் என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று உன்னிடம் கதை விட மாட்டேன். இன்னும் பல சம்மாட்டிகள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஆனால் கூப்பிடுகிற படகுகளும் இருக்கின்றன, வேலை குவிகிறது. ரூபஸ் அண்ணனுக்கு இன்னொரு மெக்கானிக் வேண்டும். அனிட்டா வருமா, கேளு, மாசக் கடைசி வரைக்கும் வேற ஆள் பாக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லத்தான் நான் உனக்குப் போன் மேல் போன் போட்டேன்.

உன் மனசு எனக்குத் தெரியும். கடைசி வருஷம் படிக்கும்போது இன்ஜின் பார்க்க ஆசையாக ஏறிய உன்னை, ஆள்கள் முன்னால் இதே படகிலிருந்து இறக்கிவிட்டவர் உன் அய்யா. ஊரான் வீட்டுப் பிள்ளையை ஏற்றியிருக்கிறார். பெற்ற பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும்! ஏறி நின்ற சந்தோஷத்திலும் எனக்கு அதுதான் உறுத்தியது. நான் நின்றது நீ நிற்க வேண்டிய இடம்.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதையும் கேள். முதல் பாடு போனதில் இறால் நன்றாகக் கிடைத்தது. கரைக்கு வந்ததும் மாமா நேரே ஒர்க் ஷாப்புக்கு வந்து, இன்ஜின்ல ஒரு சத்தம் கேக்குது என்றார். போய்ப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அடுத்த தடவை கடலுக்குப் போய்வந்தும் அதே புகார். சோணைமுத்து அண்ணனே ஸ்குரு டிரைவரை இன்ஜினில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வண்டி தேன் மாதிரி ஓடுதுய்யா, போய் வேலையைப் பாரும் என்று விரட்டினார். ஆனாலும் விடாமல் ஒவ்வொரு பாடு முடிந்தும் வருகிறார். சுற்றிச் சுற்றி வந்து, இந்த ஒர்க் ஷாப்புக்கு இன்னொரு ஆள் வேணும்ல, ரூபஸ் யாரையும் எடுத்துட்டாரா என்று என்னிடம் கேட்கிறார். எடுக்கவில்லை என்றால் முகம் தெளிகிறது.

நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமா, அது எப்படிப்பட்ட சத்தம், வாயால் ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றேன். அவர் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்துத் தடவினார். ரெண்டு வருஷமாக உன் பெயரை வாயில் எடுக்காத மனுஷன், பிறகு இப்படிச் சொன்னார்: நீயும் சொல்லிட்ட, சோணைமுத்தும் சொல்லிட்டாரு, எனக்கு மனசு ஒப்பல. எங்க அனிட்டா வந்து, குழிக்குள்ள இறங்கிப் பாத்து, சத்தம் இல்லைன்னு சொல்லட்டும், நான் நம்புறேன்.

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது அனிட்டா. வேலைதான் கொடுக்கத் தெரியும். மாசக் கடைசிக்குள் ஒரு முறை வா. வேலைக்குச் சேர்கிறாயா இல்லையா என்பது உன் இஷ்டம். படகில் இறங்கி, உனக்கு என்ன கேட்கிறதோ அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல். ஆண்டவன் உன் கைகளுக்குப் பரக்கத்தைத் தருவானாக, உன்னை நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

என்றும் உன் பிரியமுள்ள,
தஸ்னீம்