பதினேழாவது கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை. பதினேழாவது கணக்கில் தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

இதைப் போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை நீ வார்டில் இருந்தாய். இரண்டாம் முறை நீ எடுத்தாய். அம்மாவின் கண்ணாடியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். கண்ணாடி வந்துவிட்டது. போட்டதும் என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். இந்த வயசுலயே இவ்ளோ நரையாடி உனக்கு என்றாள். மற்றபடி நலம்.

நீ எனக்கு என்ன செய்து கொடுத்தாய் என்பதை ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

நாங்கள் அலுவலகத்தில் எழுதும் நிரலுக்கு லைப்ரரி என்று பெயர். ஒரு கணக்குத் தொகுப்பு, அவ்வளவுதான். குழந்தையின் எடையையும், கிலோவுக்கு இவ்வளவு என்று டாக்டர் எழுதிய திரவ அளவையும் கொடுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று சொல்லும். சொட்டைத் தானே அளந்து விடும் பம்ப் இல்லாத வார்டுகளில் நர்சுகளின் டேப்லெட் இதைத்தான் கேட்கிறது. நாங்கள் நிரலை வாராவாரம் மாற்றுகிறோம். மாற்றும்போது பழையது கெட்டுப்போகவில்லை என்று தெரிய வேண்டும். அதற்குச் சரியான விடைகளை ஒரு கோப்பில் வைப்பார்கள். பேஸ்லைன் என்று பெயர். ஒவ்வொரு பில்டிலும், அதாவது மாற்றிய நிரலைக் கட்டி ஓட்டும் ஒவ்வொரு முறையும், நிரல் எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டு, கோப்போடு ஒப்பிடும். எல்லாம் ஒத்தால் பச்சை, ஒன்று மாறினாலும் சிவப்பு. வேலை நின்றுவிடும்.

எங்களிடம் அந்தக் கோப்பு இல்லை. அடுத்த வெளியீடு முதல் முறையாகக் குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குப் போகிறது. கோப்பைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

சுலபமான வழி ஒன்று உண்டு. நிரல் இன்று சொல்வதையே சரியான விடையாகச் சேமித்துவிடலாம். ஒரே கட்டளை. எதிர் மேஜைக்காரர் விடவில்லை. அலுவலகத்தில் அவருக்கு சிடுசிடு என்று பெயர். பரீட்சை எழுதறவளே விடைத்தாளும் போட்டுக்குவாளா, வெளியில யாரையாவது கையால போடச் சொல்லு என்றார்.

உன்னைக் கேட்டேன்.

நாற்பது கணக்கு. உன் வாரத்தின் ஒரே விடுமுறையில். நீ அனுப்பிய படங்களை இப்போதும் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கணக்கும் இரண்டு முறை. இரண்டாவது முறை விடையிலிருந்து பின்னோக்கி. பிறகு ஒரு சின்ன டிக். மூன்றாம் பக்கத்தின் மூலையில் உன் மகள் வரைந்த சூரியன், அதற்கு மீசை.

முப்பத்தொன்பது ஒத்துப்போயின.

பதினேழாவதில் நான் இரண்டு கிலோ என்று கொடுத்திருந்தேன். நீ அதை அடித்துவிட்டு எண்ணூற்றைம்பது கிராம் என்று எழுதியிருந்தாய். எங்க வார்டுல இப்படியும் வருவாங்க என்று ஓரத்தில் ஒரு வரி. நிமிடத்துக்கு நான்கு சொட்டு என்றாய். அதே எடைக்கு நிரல் ஐந்து என்றது.

நான் யோசிக்கவில்லை. இதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் நான்கை எடுத்துவிட்டு நிரலின் ஐந்தை வைத்தேன். குறிப்பில் ‘நர்சின் கணக்குப் பிழை’ என்று எழுதினேன். பில்டு பச்சை. உனக்குச் செய்தி அனுப்பினேன், பதினேழுல கோட்டை விட்டுட்டே மண்டு, நான் மாத்திட்டேன் என்று.

நீ பதில் போட்டாய். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்டி. ஆனா அந்தக் குழந்தைக்கு நான் நாலுதான் விடுவேன்.

பஸ்ஸில் படித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தேன்.

நிரலில் ஒரு வரி இருந்தது. எடை ஒரு கிலோவுக்குக் கீழே வந்தால், யாரோ தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று எண்ணி, ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளும் வரி. இரண்டு வருடம் முன்பு எழுதப்பட்டது. எழுதியது நான். அவ்வளவு சிறிய குழந்தை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதுவரை பெரிய குழந்தைகளின் வார்டுகளில்தான் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை; பழைய பதிவுகளை எல்லாம் பார்த்துவிட்டேன்.

நிமிடத்துக்கு ஒரு சொட்டுதான் வித்தியாசம். ஒரு நாளுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சொட்டு.

சிடுசிடுவிடம் சொன்னேன். அவர் அந்த வரியைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, உங்க அக்காவை வேலைக்கு எடுத்துக்கிட்டு உன்னை வார்டுக்கு அனுப்பலாம், ஆனா பாவம் குழந்தைங்க என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அத்தான் நேற்று சொன்னார். என் செய்தி வந்த நாளிலிருந்து நீ ஒவ்வொரு கணக்கையும் பக்கத்து நர்சிடம் காட்டிவிட்டுத்தான் சொட்டு விடுகிறாயாம். ஒம்பது வருஷமா தப்பாவே விட்டுக்கிட்டு இருந்தேனோன்னு புலம்புறா என்றார். தட்டை நகர்த்திவிட்டுக் காகிதம் எடுத்தேன்.

அப்பா சாப்பிடும்போது கணக்குக் கேட்பார், நினைவிருக்கிறதா? நான் முந்திக்கொண்டு கத்துவேன். நீ எச்சில் கையோடு, இடது கை விரலால் மேஜையில் எழுதிக்கொண்டிருப்பாய். இப்போது தெரிகிறது, இரண்டாவது முறை எழுதிக்கொண்டிருந்தாய். அதற்குள் பெயர் வைத்துவிட்டோம். மண்டு. அதற்குப் பிறகு அந்தப் பெயர் சரியா என்று யாரும் சரிபார்க்கவில்லை, நீ உட்பட.

அக்கா, எனக்கு நன்றி சொல்ல வராது. உன் கையெழுத்தில் இருந்த நான்கு என் பெயரையும் காப்பாற்றியது, நான் பார்க்கப்போகாத சில குழந்தைகளையும் காப்பாற்றியது. இனி யார் எதை மாற்றினாலும் உன் நாற்பது விடைகளைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். வருடக்கணக்கில்.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் மகள் கணக்கு வரவில்லை என்று அழுதால், ‘நீயும் என்னை மாதிரிதான்’ என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அவள் மெதுவாகப் போடட்டும். இரண்டு முறை போடட்டும்.

வார்டில் உன் கையையே நம்பு. நன்றாகத் தூங்கு.

என்றும் உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ‘நர்சின் கணக்குப் பிழை’ என்ற அந்தக் குறிப்பை அழித்தேன். பதினேழாவது வரியில் நான்கை வைத்தேன். என் பழைய வரியை நீக்கிவிட்டு பில்டை ஓட்டினேன். நாற்பதும் பச்சை. கணக்குப் போட்டவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரை எழுதினேன்.