கையில் கொடுத்த சுவிட்ச்

வரதய்யபாளையம்,
14-8-2004

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு நைனா ஏழுமலை ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். குவைத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை திருப்பதியில் கண்ணில் புரை எடுத்தார்கள். வலி இல்லை, கண்ணை மரக்கவைத்துவிட்டார்கள். பயந்தவர்களுக்கென்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்து, படபடப்பு வந்தால் நீங்களே அழுத்துங்கள் என்றார் டாக்டர். அழுத்தினால் ஊசி வழியாகக் கொஞ்சம் மருந்து இறங்கி மனசு அடங்குமாம். எத்தனை முறை அழுத்தினாலும் அளவுக்கு மேல் இறங்காதாம்.

நான் அழுத்தவே கூடாது என்றுதான் படுத்தேன். எதிர்வீட்டு செங்கம்மாவுக்கு வயிற்று ஆபரேஷன் நடந்தபோது மயக்கத்தில் மருமகளைத் திட்டித் தீர்த்ததை ஊரே பேசியது. நானும் அப்படி உளறி, மெஷினில் உன் வலது கை விரல் மூன்று போனது வெளியே வந்துவிட்டால்? வெளியே பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் நேரில் வந்து நானே சொல்கிறேன் என்று நீ போனில் சத்தியம் வாங்கி நாலு மாதம் ஆகிறது. நீயோ வருகிற தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறாய்.

ஆனால் உடம்பு நடுங்கியது. தலை அசைந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் தெலுங்கில் அதட்டினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தெலுங்கு பேசினார்கள். உளறினாலும் தமிழில்தானே உளறுவோம், யாருக்குப் புரியப்போகிறது என்று இரண்டு தடவை அழுத்தினேன். அப்புறம் நன்றாகத்தான் இருந்தது. என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நர்ஸ் சுமித்ரா, வீட்டில் தமிழ் பேசுகிற நகரிப் பக்கத்துப் பெண்ணாம். அந்தப் பெண் நல்ல மனசோடு வெளியே போய், உங்கள் மகன் கை இப்போது தேவலையா என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

எனக்கு அது தெரியாது. காளாஸ்திரி வழியாக பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா வேளை தவறாமல் சொட்டு மருந்து மட்டும் விட்டாள். மூன்றாம் நாள் மருந்து விடும்போது, "நாலு மாசமா நீ ஒருத்தனே மனசுல வெச்சிக்கினு இருந்தியா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது, வந்துவிட்டது.

அவள் கோபமெல்லாம் என் மேல்தான், உன் மேல் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்: "துன்றதுக்குக் கஷ்டமா இருந்தா நான் பெசஞ்சி ஊட்டறேன். வெக்கப்படாம வந்து சேரச் சொல்லு."

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா