மனைவி என்ற இடத்தில்

சியோல், மார்ச் 4

அன்புள்ள டோக்-சு,

நேற்று என் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் வரிசையில் உன்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் பதிப்பாளர் நின்றார். அதனால்தான் முன்பின் தெரியாதவனிடம் கேட்பது போல "உங்க பேரு?" என்று கேட்டேன். நீயும் சிரிக்காமல் பெயரைச் சொன்னாய், கள்ளன்.

இனி வராதே. கல்யாணமே செய்யாமல் தனியே வாழும் 'ஹா-யான்' என்ற புனைபெயர்க்காரியைத்தான் வாசகர்கள் வாங்குகிறார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. அதுதான் என் முத்திரையாம். முதல் புத்தகத்தில் நான் கல்யாணமாகாதவள் என்று போட்டபோது "போட்டுட்டுப் போகட்டும், உனக்குப் பேரு வந்தா சரி" என்றவன் நீதானே? என் போனை உதவியாளர் பார்க்கிறார். கடிதமே எழுது.

உன் மல்-சூக்

குன்சான், மார்ச் 20

மல்-சூக்,

இருபத்திரண்டு வருஷப் புருஷனுக்கு நீ போட்ட கையெழுத்தை மீன்கடைக்காரர்களிடம் காட்ட ஆசைதான். வாயை மூடிக்கொண்டு அவர்களுடைய குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கிறேன்.

ஒரு விஷயம். கணையத்தில் கட்டி என்கிறார்கள். ஏப்ரல் 9 ஆபரேஷன். சொந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். "சம்சாரம் வருவாங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். அவள் மேசையில் உன் புத்தகம் கிடந்தது. தனி ஆள் என்று சொல்லிவிட்டேன். அக்கா போடுவாள். ஆனாலும் நீ வந்தால் எனக்குப் பயம் குறையும்.

டோக்-சு

சியோல், மார்ச் 27

அன்புள்ள டோக்-சு,

படித்ததும் பையில் துணியை அடுக்கினேன். பிறகு வெளியே எடுத்து வைத்தேன். ஒன்பதாம் தேதி தொலைக்காட்சிப் பதிவு. அந்த நர்ஸ் என்னை உன் பக்கத்தில் பார்த்தால் பொய்க்காரி என்று ஊரே காறித் துப்பும். ஏழு வருஷ உழைப்பு போய்விடும். அக்கா கையெழுத்துப் போடட்டும். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கட்டாயம் வருகிறேன்.

உன் மல்-சூக்

குன்சான், ஏப்ரல் 25

மல்-சூக்,

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாதென்று அப்படியே தைத்து மூடிவிட்டார்கள். மே தாண்டாது. நீ வருகிறேன் என்ற வாரம் போய்விட்டது. கோபமில்லை, வருத்தம் உண்டு.

நேற்று வார்டில் உன் நிகழ்ச்சி ஓடியது. "உடம்புக்கு முடியாமப் போனா யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார்கள். "என்னை நானே பாத்துப்பேன்" என்று சிரித்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

துக்க மண்டப வாசல் திரையில் சொந்தக்காரர்களின் பெயர் வரும் அல்லவா? மனைவி என்ற இடத்தில் ஒன்றும் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நீ கூட்டத்தோடு வா. துக்கத்துக்கு வருகிறவர்கள் பெயர் எழுதும் பதிவேட்டில் ஹா-யான் என்றே எழுது. வந்தவர்களுக்கெல்லாம் அங்கே கொடுக்கும் சூப்பைக் குடிக்காமல் போகாதே.

டோக்-சு

சியோல், மே 19

டோக்-சு,

நேற்று உன் துக்க மண்டபத்துக்கு வந்தேன். திரையில் அக்கா பெயர் மட்டும் இருந்தது. பதிவேட்டு மேசையில் யாரோ ஒரு பெண் "உங்க பேரு?" என்று கேட்டாள். மல்-சூக் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

பின்னால் நின்றவள் தோளைத் தொட்டாள். "எழுத்தாளர் ஹா-யான்தானே நீங்க? ஆஸ்பத்திரியில இவரை நான்தான் பாத்துக்கிட்டேன். இவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"என் வாசகர்" என்றேன்.

புத்தகத்தை நீட்டினாள். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு தனியே உட்கார்ந்து நீ சொன்ன சூப்பைக் குடித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

உன் மனைவி
மல்-சூக்