நீங்கள் நிரப்பிய கடைசி டப்பா

என் அன்பான உங்களுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுவது உங்களிடம் ஒரு விளக்கம் கேட்க. கோபமாகத்தான் கேட்கப்போகிறேன். நாலு பேர் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் மகள் காயத்ரிக்கு வேலையில் கிடைத்த டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் இன்னும் இருக்கிறோம். உங்கள் குடும்பத்துப் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் லைசென்ஸ் ஒருவழியாக அவள் பெயருக்கு மாறிவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட் காப்பித்தூள்காரர் சிக்கரியைக் கூட்டிவிட்டார் என்கிறேன், அவர் இல்லவே இல்லை என்கிறார். என் சந்தேகக் குணத்துக்கு ஒரு குறையும் இல்லை, சௌக்கியமாக இருக்கிறது.

அந்தக் குணம் இந்த வருஷம் முழுக்க உங்கள் நண்பர் ஏகாம்பரத்தின் மேல்தான் இருந்தது. ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், வேலூர்க்காரர், கோல் மார்க்கெட்டில் மகன் வீட்டில் இருப்பவர் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போய் பதினாறாம் நாள் முடிவதற்குள் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன் கடைசியா போட்ட தோட்டா டப்பா ஒண்ணு இருக்கும். அத மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வோணாம்."

துப்பாக்கியைக் கேட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும். பத்துத் தோட்டாவை எதற்குக் கேட்கிறார்? "எதுக்குக் கேக்கிய? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றேன். தரையைப் பார்த்தார், டீயைக் குடித்தார், போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடி வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் சும்மா சந்தேகப்படவில்லை. உங்கள் கடைசி வருஷத்தில் சனிக்கிழமைதோறும் அவர் நம் வீட்டிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுபோவார், ஞாயிறு காலையில் அதே மாதிரி டப்பாவோடு நீங்கள் சுடப்போகும் ரேஞ்சுக்கு வருவார். "உங்க கூட்டாளி தோட்டாவ மாத்துதாரு" என்று உங்களிடமே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "நீ சும்மா இரி. எல்லாத்துலயும் ஒனக்கு சந்தேகந்தான்" என்றீர்கள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் இன்றைக்குக் கேட்கிறேன்.

உங்கள் தோட்டாக்கள் சாதாரணமானவை அல்ல என்பது எனக்கும் தெரியும். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி அந்தக் காலத்தில் செய்த குழல் அது. கடைத் தோட்டாவின் வேகத்தைத் தாங்காது, வெடித்துப் பிளந்துவிடும், பிடித்திருக்கும் கையும் போய்விடும். அதனால் உரிய அனுமதியெல்லாம் வாங்கி, புகையில்லா வெடிமருந்தைக் குறைந்த அழுத்தம் வரும்படி நீங்களே அளந்து நிரப்பினீர்கள். சாப்பாட்டு மேஜையில் நீலத் துணி விரித்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. "மருந்து ரவைய மெல்லத் தள்ளணும், ஒதைக்கக் கூடாது" என்பீர்கள். அந்த மருந்து அளவின் ரகசியத்தைத்தான் ஏகாம்பரம் திருடப் பார்க்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வருஷத் திதி முடிந்து முதல் ஞாயிறு. காயத்ரி அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குக் கிளம்பினாள். "அப்பா கையால போட்டதும்மா. பத்தையும் நானே சுடப்போறேன். ஜல்தி பண்ணு, லேட்டாகுது" என்று என்னை அவசரப்படுத்தினாள். நானும் பெருமையாகத்தான் செருப்பை மாட்டினேன்.

கதவைத் திறந்தால் ஏகாம்பரம் நிற்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. ரேஞ்சில் யாரோ காயத்ரி வரப்போகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பாப்பா, அதத் துப்பாக்கில போடாத! அண்ணி, தயவு பண்ணி அந்த டப்பாவ எறக்கி வைக்கச் சொல்லுங்க."

"அங்கிள், என்ன ஆச்சு? இது அப்பாவோடது" என்றாள் காயத்ரி. நான் வாசலை மறித்துக்கொண்டு, "காரணம் சொல்லாம உள்ள வர வேண்டாம்" என்றேன். வயதான மனிதரை அப்படி நிற்க வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் காரணம் சொல்லவில்லை. காட்டுகிறேன் என்றார். உங்கள் சின்னத் தராசை எடுத்து மேஜையில் வைத்தார், பத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். எடை கூடிய மூன்றைத் தனியே தள்ளி, அதில் ஒன்றைக் கத்தியால் கவனமாகப் பிரித்தார். ஈய ரவையைக் கொட்டினார், அட்டை அடைப்பை எடுத்தார். மருந்தை உங்கள் பித்தளை அளவைக் கரண்டியில் கவிழ்த்தார். ஒரு தோட்டாவுக்கு ஒரு கரண்டிதான் உங்கள் கணக்கு. கரண்டி நிறைந்தது. தோட்டாவில் இன்னும் மருந்து இருந்தது. கரண்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி கவிழ்த்தார். மறுபடியும் நிறைந்தது.

"அந்தக் காலத்துக் கருமருந்தா இருந்தா ரெண்டாம் தடவ போட எடமே இருக்காது, வழிஞ்சிடும். இது கொஞ்சூண்டு மருந்து. ரெண்டு தடவ போட்டாலும் அட்டைய அமுக்கினா அடங்கிடும். வெளியப் பாத்தா தெரியாது" என்றார்.

அடுத்ததைப் பிரித்தார். அதிலும் இரண்டு அளவு. மூன்றாவதிலும் இரண்டு. காயத்ரி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். ஒருநாள் ரேஞ்சில் துப்பாக்கி உங்களைப் பலமாக உதைத்ததாமே? "எதுல போட்டேன், எதுல போடலைன்னு எனக்கு மறந்து போவுது ஏகாம்பரம். இனி நான் போட்டத நீ பிரிச்சுச் சரி பண்ணிக் குடு. வீட்டுல சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கினீர்களாம். ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் அவர் உங்கள் தோட்டாக்களைப் பிரித்துத் திரும்ப நிரப்பியிருக்கிறார். இந்தக் கடைசி டப்பா மட்டும் அவர் கைக்குப் போகுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். செய்த சத்தியத்துக்காக என் வாயால் திருடன் பட்டமும் வாங்கிக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள். அவரிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷத்தில் "காப்பி குடிச்சேனா?" என்று குடித்த பிறகு கேட்பீர்கள். கதவைப் பூட்டியாயிற்றா என்று மூன்று தடவை கேட்பீர்கள். "ஒரு தடவை சொன்னா வெளங்காதா?" என்று எரிந்து விழுவேன். நீங்கள் உடனே சிரித்து மழுப்பிவிடுவீர்கள். காப்பித்தூளில் கலப்படம் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரில் உட்கார்ந்திருந்தவர் பயந்துபோயிருக்கிறார் என்பது தெரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் கோபம் தீரவில்லை. டெல்லியிலேயே பெரிய சந்தேகக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு, சரிபார்க்கிற வேலையை கோல் மார்க்கெட்டுக்கு அனுப்பினீர்களே! என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒவ்வொரு தோட்டாவையும் மூன்று தடவை பார்த்திருப்பேனே. உங்களோடு அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கலாமே.

ஏகாம்பரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். மீதி ஏழு தோட்டாக்களையும் அவரே பிரித்து அழித்தார். காயத்ரி உங்கள் துப்பாக்கியைச் சுடத்தான் போகிறாள். அவர் நிரப்புவார், நான் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் மருந்து ஒரு தடவை மட்டும் விழுவதைப் பார்த்து "ஆச்சு" என்று சொன்ன பிறகே அடைப்பு வைப்பார். அவருக்கும் வயதாகிறது. போட்டேனா என்று பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் பொறுமையாகப் பதில் சொல்வேன். இது உங்களுக்கு நான் செய்து தரும் சத்தியம்.

எல்லோரையும் சந்தேகப்பட்டு, உங்களை மட்டும் கவனிக்கத் தவறிய
உங்கள் மனைவி,
செண்பகம்